பல் கிளினிக்ல நடக்குற கூத்து: "சாப்புட்டேன்" பாட்டியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், உங்க கதைங்களையும் போடுங்க

பல்லாங்குழி (திங்கள், இரவு 9:40)

வணக்கம் மக்களே. நான் இங்க ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் வருவேன். இன்னிக்கு வேல முடிஞ்சு வரும்போது ஒரு விஷயத்த நெனச்சு காடியில தனியா உக்காந்து சிரிச்சிட்டேன், சமிக்ஞை விளக்குல பக்கத்துல நின்ன மோட்டோர்காரன் ஒரு மாதிரி பாத்தான், அதான் எழுதிடலாம்னு வந்துட்டேன்.

பினாங்குல, ஜெலுத்தோங் பக்கம் ஒரு பல் கிளினிக்ல 19 வருசமா இருக்கேன். டாக்டர் இல்ல, டாக்டர் பக்கத்துல நின்னு எச்சில் உறிஞ்சுற குழாய பிடிக்கிற ஆளு. கவுண்ட்டர்ல பேர் எழுதுறது நான், பணம் வாங்குறது நான், பயந்து போன ஆம்பளைங்க கையப் புடிச்சிக்கிறதும் நான்தான். பொம்பளைங்க அவ்வளவா பயப்படுறதில்ல. இது 19 வருச அனுபவம், யாரும் சண்டைக்கு வராதீங்க.

விஷயம் என்னன்னா, 8 வருசத்துக்கு முன்னாடி ஒரு பாட்டி வந்தாங்க, வயசு எழுபதுக்கு மேல. தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, பாசார் மலாய்ல பேரம் பேசி மீன்காரனையே அழ வச்சிருவாங்க, ஆனா எடது காது சுத்தமா கேக்காது. பேத்தி எறக்கி விட்டுட்டு காடி போட எடம் தேடிப் போயிருச்சு (ஜெலுத்தோங்ல எடம் தேடுறதுன்னா தெரியும்ல, அரை மணி நேரம்). எங்ககிட்ட அப்பதான் ஒரு மலாய் பொண்ணு புதுசா வேலைக்கு சேந்திருந்தா, கெடாக்காரி. அவ சரியா பாட்டியோட எடது பக்கம் நின்னுக்கிட்டு கேக்குறா:

"மக்சிக், நாக் சாபுட் கா?"

பல்லு பிடுங்கணுமான்னு கேக்குறா. பாட்டி ஒடனே, "நாக்கு நல்லாத்தாம்மா இருக்கு. சாப்புட்டேன், ரெண்டு தோச."

அந்தப் பொண்ணு முழிக்கிறா. மலாய்ல தோசான்னா பாவம். தோசை விக்கிற கடையில பேர் 'தோசாய்'னு இருக்கும், அது அவளுக்குத் தெரியும், ஆனா பாட்டி கடைசி எழுத்த முழுங்கிட்டாங்க. பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடி இந்தம்மா செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லுதுன்னு நெனச்சு அவ முகமே மாறிப்போச்சு. சரி, ஆறுதலா பேசுவோம்னு குனிஞ்சு, கன்னத்த தொட்டு, "சாகிட் டாக், மக்சிக்?" வலிக்குதான்னு அர்த்தம். பாட்டிக்கு வந்துச்சே கோவம். "சாகட்டாவா? நான் ஏண்டி சாகணும், பல்லு வலின்னு வந்தவள பாத்து சாகட்டாங்குற!"

நான் ஓடி வந்து வலது பக்கம் நின்னு வெளக்குனேன். பாட்டி சிரிச்ச சிரிப்புல ஆடிக்கிட்டிருந்த பல்லு இன்னும் ஆடிப்போச்சு, டாக்டர் வந்து ரெண்டு நிமிசத்துல எடுத்துட்டாரு.

இன்னிக்கு அதே பாட்டி பல் செட்டு லூசாயிருச்சுன்னு வந்தாங்க. கதவத் தொறந்ததும் வணக்கம் கிணக்கம் ஒண்ணும் இல்ல, கிளினிக்கே கேக்குற மாதிரி, "சாப்புட்டேன்!" அந்தக் கெடாப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க, அவ உள்ளேர்ந்து தமிழ்ல கத்துறா, "எத்தன தோசா?"

கோப்பி_ஓ_தம்பி (திங்கள், இரவு 10:05)

ஹஹஹா செம. ஆனா ஒண்ணு சொல்லட்டா அக்கா, இந்த நாட்டுலயே பொறந்து வளந்துட்டு சாபுட் தெரியாம இருக்க முடியுமா? பாட்டி உங்கள நல்லா ஓட்டியிருக்காங்க. நானெல்லாம் பாயான் பாருல மலாய்க்காரங்களோட வளந்தவன், எந்த மிஸி (நர்ஸ்) என்ன கேட்டாலும் டக்குனு பதில் சொல்லுவேன்.

அது கெடக்கட்டும், மூணு நாளா எனக்கு வலது பக்கம் கீழ கடவாப் பல்லு வலி. கிராம்புத் தைலம் வச்சேன், கொஞ்சம் அடங்குது, அப்புறம் ராத்திரி படுத்தா மறுபடி ஆரம்பிச்சிருது. வேற என்ன வைக்கலாம்?

பல்லாங்குழி (திங்கள், இரவு 10:11)

நாற்காலியில உக்காருங்க தம்பி, அதான் வைக்கணும்.

தண்ணிமல_காவடி (திங்கள், இரவு 10:48)

ஆம்பளைங்க பயப்படுவாங்கன்னு அக்கா சொன்னது உண்மதான், நானே சாட்சி. நான் 11 வருசமா தைப்பூசத்துக்கு தண்ணீர்மல ஏறுறேன், கன்னத்துல அலகு, ஒரு கன்னத்துல பூந்து மறு கன்னத்துல வர்றது, ஆறடி வேலு. ஒரு சொட்டு ரத்தம் வராது. அம்மா முன்னால நின்னு வேல் வேல்னு சொல்லுவாங்க, தப்பு சத்தம் கேக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வருசம் பல்லு அடைக்கப் போனேன். டாக்டர் ஊசிய எடுத்தாரு. நானும் வீரமாத்தான் வாயத் தொறந்தேன், அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கே சரியா தெரியல, பாத்தா நான் கீழ காடி பக்கத்துல நிக்கிறேன், கழுத்துல அந்த நீலத் துணி சங்கிலியோட தொங்குது, வாயில பஞ்சு. மிஸி பின்னாலேயே ஓடி வந்து "பாங், துணி எங்களோடது"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு.

மறுபடி மேல போனேன், போகாம இருக்க முடியுமா, பல்லு பாதி தோண்டியாச்சு. டாக்டர் தமிழர்தான், என் கன்னத்துல தழும்பப் பாத்துட்டு, "ஏன்யா, ஆறடி வேல் குத்துறவன் இந்த ரெண்டு அங்குல ஊசிக்கா ஓடுன?"ன்னாரு. நான் சொன்னேன், "அது சாமி டாக்டர். இது நீங்க."

செம்பருத்தி_78 (திங்கள், இரவு 10:55)

"இது நீங்க" 🤣🤣 அந்த டாக்டர் பாவம்

டாக்டர்_கொறடு (திங்கள், இரவு 11:30)

பாவந்தான். நானும் அதே ஜாதி, கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் சின்ன கிளினிக் வச்சிருக்கேன். காவடி தம்பி சொல்றத கேலி பண்ண மாட்டேன். ஊசி குத்துறது அவ்வளவா வலிக்காது, மருந்து உள்ள போறப்ப சதை விரியுது பாருங்க, அந்த அழுத்தந்தான் வலி. அதுலயும் மேல் அண்ணத்துல சதை எலும்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், மருந்து போக எடமே இருக்காது, அங்க போட்டா சாமியே வந்தாலும் கத்தும். அதனாலதான் நாங்க மெதுவா போடுவோம். டாக்டர் ஊசி போட நேரம் எடுக்குறாருன்னா நல்ல டாக்டர்னு அர்த்தம், கடிகாரத்த பாக்காதீங்க.

பல்லாங்குழி அக்கா, மலாய் கதை எங்ககிட்டயும் இருக்கு. எங்க மிஸி எல்லாருக்கும் ஊசி போட்டு முடிஞ்சதும் கப்புல தண்ணி குடுத்து "குமுர், பக்சிக்"னு சொல்லும், வாய் கொப்பளிங்கன்னு. ஒரு ஐயா, மூணு மாசமா மகனோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தவரு, "குமுறிக்கிட்டுதாம்மா இருக்கேன், ஒனக்கு எப்படித் தெரியும்?"னு ஆரம்பிச்சு சொத்துப் பிரச்சனை பூரா சொல்லி முடிச்சாரு. பாதி வாய் மரத்துப் போயிருச்சு, எனக்கு முக்கால்வாசி புரியல, ஆனா மகன் மேல தப்புன்னு மட்டும் தெரிஞ்சுது.

பட்டர்வொர்த்_மருமக (செவ்வாய், காலை 7:15)

நான் கிளினிக்ல வேல செய்யல, ஆனா பல் செட்டு கதை ஒண்ணு இருக்கு, சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது, ஏன்னா எங்க வீட்டுல இத வெளிய சொல்லக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்க அதனாலதான் இங்க சொல்றேன். சுங்கை பட்டாணியில ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், நாங்க ஒரு பதினஞ்சு பேரு மொத நாளே போய் ஹால்ல பாய் போட்டு படுத்துட்டோம், எங்க மாமியாருக்கு மேல் வரிசை பூரா செட்டு, அவங்க அக்காவுக்கும் மேல் வரிசை பூரா செட்டு, அந்த வீட்டுத் தாத்தாவுக்கும் அதே கதைதான், மூணு பேரும் ராத்திரி கழட்டி அடுப்படியில ஆளுக்கொரு மைலோ கப்புல தண்ணி ஊத்தி போட்டு வச்சிட்டு படுத்துட்டாங்க. மூணு கப்பும் ஒரே பச்சை. விடியக்காலையில எந்திரிச்ச எங்க சின்ன நாத்தனா பாத்திரம் கழுவுறேன்னு மூணு செட்டையும் ஒரு தட்டுல எடுத்து அழகா அடுக்கி வச்சிருச்சு, ஏதோ பலகாரம் அடுக்குற மாதிரி.

முகூர்த்தம் 9 மணி. 8 மணி வரைக்கும் மூணு பேரும் அடுப்படியில உக்காந்து மாத்தி மாத்தி போட்டுப் பாக்குறாங்க. தாத்தாவோடத எங்க மாமியார் போட்டுட்டு கண்ணாடியப் பாத்துட்டு "இது கொஞ்சம் எடுப்பா இருக்கே"ன்னு கழட்ட மனசே இல்லாம நின்னதுதான் உச்சம். கல்யாண வீடியோவுல இன்னிக்கும் பாருங்க, தாத்தா ஒரு எடத்துலயும் சிரிக்க மாட்டாரு, ஏன்னா அவருக்கு வந்தது சரியா பொருந்தல, வாயத் தொறந்தா எறங்கிடும். மூணும் யாரு யாருதுன்னு கடைசி வரைக்கும் ஒரு முடிவுக்கு வந்தாங்களான்னே எனக்கு சந்தேகம்.

டாக்டர்_கொறடு (செவ்வாய், காலை 8:02)

மருமகளே, செட்டு செய்யும்போதே உள்பக்கம் பேர் எழுதி பதிக்கச் சொல்லலாம், லேப்ல செஞ்சு தருவாங்க. கல்யாண வீடு, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, எங்க போனாலும் உபயோகம். இன்னொண்ணு, சாப்புடும்போது கழட்டி டிஷ்யூல சுத்தி மேசையில வைக்காதீங்க. எங்க ஆளுங்க செட்டுல பாதி நாசி கண்டார் கடை குப்பைத் தொட்டியிலதான் கெடக்கு. டிஷ்யூன்னு நெனச்சு மேச தொடைக்கிற பையன் தூக்கிப் போட்டுருவான், அவன் மேல தப்பே இல்ல.

கோப்பி_ஓ_தம்பி (செவ்வாய், காலை 8:20)

டாக்டர் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. ஆஸ்பிரின் மாத்திரைய பல்லு பக்கத்துல ஈறுல அப்படியே வச்சு அமுக்கிக்கிட்டா வலி போயிரும்னு ஆபீஸ்ல ஒரு அங்கிள் சொன்னாரு. நேத்து ராத்திரி வச்சேன். இப்ப அந்த எடம் வெள்ளையா இருக்கு, எரியுது.

டாக்டர்_கொறடு (செவ்வாய், காலை 8:26)

தம்பி அது வெந்து போச்சு. ஆஸ்பிரின் அமிலம், சதை மேல வச்சா சுட்டுரும். மாத்திரை வயித்துக்குள்ள போய் ரத்தம் வழியா வேல செய்யிற சாமான், ஈறுல வைக்கிறது இல்ல. கிராம்புத் தைலத்துல யூஜெனால் இருக்கு, அது கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், உண்மதான், நாங்களே யூஜெனால் கலந்த மருந்து போட்டு அடைக்கிறது உண்டு, ஆனா ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும். பழைய ஆன்டிபயாட்டிக் வீட்டுல மிச்சம் இருக்குன்னு எடுத்து முழுங்கிடாத. முகம் வீங்குனா, காய்ச்சல் வந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா கிளினிக்குக்கு இல்ல, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. இல்லன்னா இன்னிக்கே ஒரு பல் டாக்டர பாரு.

கோப்பி_ஓ_தம்பி (செவ்வாய், காலை 8:31)

வெள்ளிக்கெழம லீவு போட்டு போறேன் டாக்டர். இன்னும் மூணு நாள்தானே.

வாத்தியார்_ஓய்வு (செவ்வாய், மாலை 4:10)

எல்லாரும் பெரியவங்க கதையாவே சொல்றீங்க. தமிழ்ப்பள்ளியில படிச்சவங்க யாருக்காச்சும் லோங்காங் பல் தேய்ப்பு ஞாபகம் இல்லையா? வகுப்பு பூரா வரிசையா வெளிய வந்து, வாய்க்கால் ஓரத்துல குத்த வச்சு உக்காந்து, கலர் கலரா பிளாஸ்டிக் கப்பு, ஆளுக்கொரு பிரஷ், மிஸி சொல்லச் சொல்ல தேய்க்கணும். நான் ஆசிரியரா 31 வருசம் அந்த வரிசைக்குக் காவல் நின்னிருக்கேன். ஒருத்தன் துப்புறது பக்கத்துக்காரன் கால்ல விழும், அவன் இவன் கப்புத் தண்ணிய தட்டி விடுவான், அஞ்சு நிமிசத்துல எல்லாம் நனைஞ்சு, கணக்குப் பாடம் போச்சு.

அப்புறம் பல் மிஸிங்க பள்ளிக்கு வந்து நாற்காலி போட்டு பேர் கூப்புடுற நாள். அன்னிக்கு மட்டும் கழிவறையில எடமே கெடைக்காது. ஒரு பையன், இப்ப பெரிய ஆளா இருக்கான், பேர் சொல்ல மாட்டேன், மிஸி அவன் பேரக் கூப்புட்டதும் எழுந்து நின்னு, "அவன் இன்னிக்கு வரல மிஸி"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். மிஸி நம்பி அடுத்த பேருக்குப் போயிருச்சு. அவனோட தைரியத்துக்காகவே நான் வாயத் தொறக்கல.

ஒரு விஷயம் தெரியுமா, இந்தப் பள்ளிக்கூட பல் மிஸிங்கள பழக்குற பயிற்சிப் பள்ளி 1949ல நம்ம பினாங்குலதான் ஆரம்பிச்சாங்க. நியூசிலாந்துல 1921லயே இந்த முறை வந்துருச்சு, அதப் பாத்து இங்க கொண்டாந்தாங்க. அப்பல்லாம் டாக்டருங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மி, புள்ளைங்க பல்லு பூரா சொத்த, அதனால தாதிங்களுக்கே பல் அடைக்கவும் பால்பல் எடுக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. எங்க அம்மா காலத்துல தோட்டத்துல அதுகூட இல்ல. டிரஸ்ஸர் ஐயாதான் எல்லாம், காய்ச்சலுக்கும் அவர்தான், பிரசவத்துக்கும் அவர்தான், பல்லுக்கும் அவர்தான். பால்வாளிய கவுத்துப் போட்டு உக்கார வச்சு, ரெண்டு பேரு தோளப் புடிச்சிக்குவாங்களாம்.

செம்பருத்தி_78 (செவ்வாய், மாலை 5:33)

லோங்காங் வாத்தியாரே!!! என் கப்பு செவப்பு. இன்னிக்கும் செவப்பு பிளாஸ்டிக் கப்ப பாத்தா வாயில அந்த பேஸ்ட்டு ருசி வருது.

எனக்கு ஒரு சந்தேகம். பல்லு கிளீனிங் பண்ணா பல்லு ஆடிப்போகும்னு எங்க அத்த சொல்றாங்க, அவங்களுக்கு அப்படித்தான் ஆச்சாம். உண்மையா?

பல்லாங்குழி (செவ்வாய், இரவு 9:02)

இந்தக் கேள்விய வாரத்துக்கு மூணு தடவ கேக்குறாங்க, எனக்கே மனப்பாடம், டாக்டர் திருத்திக்கலாம். பத்து இருபது வருசமா காரை படிஞ்சு ஈறும் எலும்பும் கீழ எறங்கியிருக்கும், அந்தக் காரைதான் பல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு சிமெண்டு மாதிரி புடிச்சிக்கிட்டு இருக்கும். அத எடுத்ததும் ஏற்கனவே ஆடுன பல்லு ஆடுறது தெரிய வருது. கிளீனிங் ஆட்டல, மறைஞ்சிருந்தத காட்டிக் குடுத்துருச்சு, அம்புட்டுதான். அத்தய ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொல்லுங்க.

சரி, நம்பர் கதைக்கு வர்றேன், இது எங்க கிளினிக் வரலாறுலயே பெருசு.

டாக்டர் வாய பாக்கும்போது பல்லு நம்பர் சொல்லுவாரு, நான் எழுதுவேன். தெரியாதவங்களுக்கு: வாய நாலா பிரிச்சு வலது மேல 1, எடது மேல 2, எடது கீழ 3, வலது கீழ 4. நடுவுலேர்ந்து எண்ணணும். எடது கீழ ஆறாவது பல்லு 36, வலது கீழ ஆறாவது 46. அது தெரியாத ஒரு அங்கிள், லோரி ஓட்டுறவரு, வாயத் தொறந்து படுத்திருக்காரு. டாக்டர் சொல்றாரு "36... 46... ரெண்டும் சொத்த." அங்கிள் கண்ணு பளிச்சுன்னு தொறந்துச்சு. வாயில கண்ணாடி இருக்கும்போதே கைய ஆட்டி என்கிட்ட பேனா கேக்குறாரு! உள்ளங்கையில 3646ன்னு எழுதிக்கிட்டாரு.

அது சனிக்கெழம. அந்த நம்பர்ல நாலு நம்பர் லாட்டரி எடுத்தாரு. ஆறுதல் பரிசு விழுந்துருச்சு. 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) 60 வெள்ளி, இவரு 5 வெள்ளி கட்டியிருக்காரு, 300 வெள்ளி. திங்கக்கெழம காலையில தாவ் சார் பியா பலகாரம் ரெண்டு பெட்டியோட வந்து நிக்கிறாரு.

அதுக்கப்புறம் எங்க கிளினிக்குக்கு வந்த கூட்டத்த பாக்கணுமே. நல்ல பல்லோட வந்தாங்க மக்களே! வந்து, படுத்து, "டாக்டர், நம்பர் சத்தமா சொல்லுங்க"ன்னாங்க. ஒரு ஆன்ட்டி தன்னோடது சரியா வரலன்னு அஞ்சு வயசு பேரன கூட்டியாந்துச்சு. பால்பல்லுக்கு 5லேர்ந்து 8 வரைக்கும் வரிசை, 51, 64, 85ன்னு போகும். டாக்டர் 85ன்னதும் ஆன்ட்டிக்கு பயம் வந்துருச்சு, "வாயில முப்பத்திரெண்டு பல்லுதானே டாக்டர், 85 எப்படி, எம்பேரனுக்கு என்னமோ ஆயிருச்சா?" டாக்டர் பொறுத்துப் பாத்தாரு, முடியல, ரெண்டு மாசம் நம்பர் சொல்றத விட்டுட்டு வெரல காட்டிக் காட்டி எனக்குச் சொன்னாரு. நான் தப்பா எழுதி ஒரு தடவ திட்டு வாங்குனேன், அது வேற கதை, பல்ல மாத்தி எடுக்கல, பயப்படாதீங்க.

தண்ணிமல_காவடி (செவ்வாய், இரவு 9:15)

அக்கா உங்க கிளினிக் எந்த ரோடு 😂

பல்லாங்குழி (செவ்வாய், இரவு 9:16)

சொல்ல மாட்டேன். மறுபடியுமா.

டாக்டர்_கொறடு (புதன், இரவு 10:20)

85ன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஆறு வயசுப் பையன், கீழ் முன்பல்லு, 71, ஒரு நூல்லதான் தொங்குது. எடுத்து சின்ன டப்பியில போட்டுக் குடுத்தேன். பையன் அழுவுறான். வலிக்குதாடான்னா இல்லங்குறான். பாட்டி சொல்லியிருக்காங்க, விழுந்த பல்ல கூரை மேல போட்டாத்தான் புது பல்லு மொளைக்கும்னு. இவங்க வீடு பிளாட்டுல 17வது மாடி. கூரை எங்க இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. "எனக்கு பல்லு வராது டாக்டர், எங்க வீட்டுல கூரை இல்ல."

இதுக்கு டாக்டருக்குப் படிச்சதுல பதில் கெடையாது. கீழ போனோம், நான், பையன், பையனோட அப்பா, மாஸ்க்கு கவுனோட மிஸி. எங்க கடவரிசை ஓரத்துல பீசாங் கோரெங் (வாழப்பழ பொரியல்) கடை ஒண்ணு, மேல தகரம். மொத தடவ எறிஞ்சான், தகரத்துல உருண்டு திரும்பி வந்துருச்சு. ரெண்டாவது தடவ நான் தூக்கிப் புடிச்சேன், எறிஞ்சான், டங்குன்னு சத்தம், நின்னுருச்சு. உள்ளேர்ந்து ஆன்ட்டி தலைய நீட்டி வானத்தப் பாத்துட்டு துணிய எடுக்கச் சொல்லி மகள கூப்புட்டாங்க. நாங்க ஒண்ணும் சொல்லல.

ரெண்டு மாசம் கழிச்சு பல்லு வந்துச்சு, காட்டிட்டுப் போனான். இப்ப அவனோட ஸ்கூல் கூட்டாளிங்களும் வர்றாங்க, பல்லுக்கு இல்ல, கூரைக்கு.

பட்டர்வொர்த்_மருமக (புதன், இரவு 10:41)

ஐயோ டாக்டர் இது என் மனச தொட்டுருச்சு. தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு டின் முறுக்கு அனுப்புறேன்.

டாக்டர்_கொறடு (புதன், இரவு 10:50)

அனுப்புங்க, ஆனா கல்லு முறுக்கா இருந்தா என் எதிரி கிளினிக்குக்கு அனுப்பிருங்க. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் எங்களுக்கு அறுவடை. கேப்பு போட்ட பல்லு, வேர் சிகிச்ச பண்ணிட்டு கேப்பு போடாம விட்ட பல்லு, எல்லாம் முறுக்குலதான் ஒடையும். ஒருத்தர் ஒடஞ்ச துண்டையும் முறுக்கையும் ஒரே பைக்குள்ள போட்டுக் கொண்டாந்தாரு. எது எதுன்னு பிரிக்க எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு.

பல்லாங்குழி (வியாழன், இரவு 9:25)

எங்களுக்கு அறுவடை டுரியான் சீசன். பாலேக் பூலாவ்லேர்ந்து ஒரு ஐயா, செட்டு நல்லா பொருந்திருச்சுங்கற சந்தோசத்துல நாலு பழம் சாக்குல கட்டி கொண்டாந்து, நான் சாப்பாட்டுக்குப் போன நேரம் பாத்து கவுண்ட்டர் அடியில வச்சிட்டுப் போயிட்டாரு. ஏர்கோண்ட் ஓடுது, சன்னல் எல்லாம் மூடியிருக்கு. உள்ள படுத்திருந்த சீன ஆன்ட்டி வாயில பஞ்சோட கைய உயர்த்துறாங்க. வலிக்குதுன்னு டாக்டர் நிறுத்திட்டாரு. பஞ்ச எடுத்ததும் ஆன்ட்டி கேட்ட மொத கேள்வி, "டாக்டர், டுரியான் விக்கிறீங்களா? கிலோ எவ்வளவு?"

நாலுல ரெண்டு அவங்களோட போச்சு. மூணு நாளைக்கு வர்றவங்க எல்லாம் மூக்க சுருக்கிக்கிட்டே வந்தாங்க, கிளவுஸ்லகூட வாசன.

கோப்பி_ஓ_தம்பி (வெள்ளி, மதியம் 12:48)

போய்ட்டு வந்துட்டேன். பாதி வாய் மரத்துப் போய் கெடக்கு, நல்ல வேள டைப் பண்றதுக்கு வாய் வேணாம்.

அரசாங்க கிளினிக்தான் போனேன், 1 வெள்ளி சீட்டு, நம்பர் 17. மூணு மணி நேரம் காத்திருந்தேன், பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு என்னயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, அது அழல, எனக்குத்தான் கை நடுங்குது. உள்ள கூப்புட்டாங்க. படுத்தேன். லைட்ட மூஞ்சிக்கு நேரா அடிச்சாங்க. டாக்டர் பாத்துட்டு 46ன்னாரு, வேர் வரைக்கும் போயிருச்சு, வேர் சிகிச்ச பண்ணலாம், இல்லன்னா எடுத்துரலாம், ரெண்டும் வெளக்கிட்டு அடுத்த அறைக்குப் போனாரு. மிஸி குனிஞ்சு ரொம்ப அன்பா கேக்குது.

"அபாங், ஜாடி நாக் சாபுட் கா?"

நான் இத எழுதவே கூடாது. ஆனா எழுதுறேன்.

"சூடா, மிஸி. ரொட்டி சானாய் டுவா." (ஆச்சு மிஸி, ரொட்டி சானாய் ரெண்டு.)

பல்லாங்குழி (வெள்ளி, மதியம் 12:50)

😭😭😭😭😭

செம்பருத்தி_78 (வெள்ளி, மதியம் 12:52)

"எந்த மிஸி என்ன கேட்டாலும் டக்குனு பதில் சொல்லுவேன்" — திங்கள், இரவு 10:05

வாத்தியார்_ஓய்வு (வெள்ளி, மதியம் 12:58)

பதில்ல மலாய் இலக்கணப் பிழை ஒண்ணும் இல்ல தம்பி. கேள்விதான் வேற.

கோப்பி_ஓ_தம்பி (வெள்ளி, மதியம் 1:03)

மிஸி அரை நிமிசம் என்னய பாத்துட்டு "பாகுஸ்லா, வயிறு காலியா இருந்தா மயக்கம் வரும்"னு சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பாட்டிக்கிட்ட நான் மன்னிப்பு கேட்டதா சொல்லிருங்க அக்கா.

பஞ்ச எவ்வளவு நேரம் கடிக்கணும்? சொன்னாங்க, காதுல விழல.

டாக்டர்_கொறடு (வெள்ளி, மதியம் 1:10)

அர மணி நேரம், அழுத்தி. எடுத்து எடுத்துப் பாக்காத. இன்னிக்கு பூரா துப்பாத, கொப்பளிக்காத, சிகரெட் வேணாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாத. குழியில ரத்தம் கட்டி நிக்கணும், அது பேந்து வந்துருச்சுன்னா எலும்பு வெளிய தெரிஞ்சு இப்ப பட்டதவிட ரெண்டு மடங்கு வலிக்கும். நாளைக்கு மேல வெதுவெதுப்பா உப்புத் தண்ணி. மரத்துப் போனது தெளியிற வரைக்கும் சூடா எதுவும் வேணாம், சுட்டாலும் தெரியாது, மென்னா ஒதட்ட கடிச்சிருவ.

கோப்பி_ஓ_தம்பி (வெள்ளி, மதியம் 1:12)

டாக்டர் நான் இப்ப கையில தே ஐஸ் புங்குஸ் (பையில கட்டுன ஐஸ் டீ) வச்சிருக்கேன். ஸ்ட்ராவோட.

டாக்டர்_கொறடு (வெள்ளி, மதியம் 1:12)

யாருக்காவது குடு.

கோப்பி_ஓ_தம்பி (வெள்ளி, மதியம் 1:20)

பக்கத்து ஜாகா (காவலாளி) அங்கிளுக்குக் குடுத்துட்டேன்.

தண்ணிமல_காவடி (வெள்ளி, மதியம் 1:25)

பல்லு 46, சீட்டு 17. நாளைக்கு சனிக்கெழம. நான் ஒண்ணும் சொல்லல.

கோப்பி_ஓ_தம்பி (சனி, இரவு 8:15)

4617 எடுத்தேன், 3 வெள்ளி. வந்தது 4671.

பல்லாங்குழி (சனி, இரவு 8:17)

71 பால்பல்லு தம்பி.